பாராடாங்குக்குக் கை நடுக்கத்துடன் ஒரு நாள்

இந்தப் பதிவில் இருப்பவை:

1. நான் ஏன் போனேன்
2. பெரார்கஞ்சிலிருந்து பாராடாங்: நேரம், செலவு
3. கடினமான பேச்சு பாக்கி இருந்தால், ஊர் திரும்பும் நாளுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது
4. என்னைப் போன்றவர்களுக்குச் சில யோசனைகள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. மதுரையில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. செல்வி டீச்சர் அந்தமானில், பெரார்கஞ்சில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அவரும் தனியாள். ஓர் உறவினர் திருமணத்தில் அறிமுகம். இரண்டு வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்குப் போனில் பேசுகிறோம். ஜனவரியில் அவர், "போன்ல பேசினது போதும் சார். மெயின்லேண்டை விட்டு ஒரு வாரம் வந்து இருங்க. ஒத்துவந்தா சேர்ந்தே இருந்துடலாம்" என்றார். பிப்ரவரியில் போனேன்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. எனக்கு வலது கை நடுங்கும். பார்கின்சன் நோயின் ஆரம்பம், போகப்போகக் கூடும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம். போய் இறங்கியதிலிருந்து ஐந்து நாளும் அந்தக் கையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஏழாம் நாள் விமான நிலையத்தில் சொல்வதாகத் திட்டம்.

ஆறாம் நாள் பாராடாங். காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஜிர்காடாங் சாவடியில் ஆறு மணி கான்வாயில் சேரலாம். வண்டிகள் போலீஸ் காவலுடன் வரிசையாகப் போகும். சுமார் 50 கி.மீ. பழங்குடியினர் வாழும் காப்புக்காடு, ஒன்றரை மணி நேரம்; நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பிறகு வண்டிகளை ஏற்றும் பெர்ரிப் படகில் இருபது நிமிடம். கார் வாடகை ₹5,000. சுண்ணாம்புக் குகைக்கு ஸ்பீட் போட், தலைக்கு ₹900 (விலை மாறலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்).

போட்டில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இடது கையால் மட்டும் மூன்று முறை முயன்றேன். பக்கிள் மாட்டவில்லை.

"பெரியவரே, அதை மாட்டாம போட்டை எடுக்க மாட்டேன். ரூல்," என்றார் படகோட்டி, ராமநாதபுரத்துக்காரர்.

"இன்னொரு கையை வீட்ல வச்சுட்டு வந்துட்டாரு போல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

"என்ன சார்?" என்றார் டீச்சர்.

உடம்பு சரியில்லை என்று இறங்கிவிடுவது சுலபம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. வலது கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அது தன் பாட்டுக்கு ஆடியது.

"பார்கின்சன், டீச்சர். இன்னும் கூடும். இதை மாட்டி விடுங்க."

மாட்டினார். அலையாத்திக் காட்டுக்கு நடுவே அரை மணி நேரம் போனோம். குகையைப் பற்றி நான் எழுதக்கூடியது குறைவு. அதை நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

திரும்பும்போது காரில் கேட்டார்: "எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"நாளைக்கு. ஏர்போர்ட்ல."

"அச்சா. சொல்லிட்டு பிளேன் ஏறிடுவீங்க. நான் யார்கிட்ட கேள்வி கேக்கறது?"

பிறகு கேட்டார். என்ன மாத்திரை, விழுந்திருக்கிறேனா, இன்னும் எத்தனை வருடம் தனியாக நடக்க முடியும். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கான்வாயில் வண்டியை நிறுத்த முடியாது. இருவரும் இறங்கி ஓட வழியில்லை.

சாவடி தாண்டியதும், "எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். என்னால முடியுமான்னு தெரியல. டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க. பார்ப்போம்" என்றார். அன்று மாலையே ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

யோசனைகள்: அடையாள அட்டை அவசியம். காலைச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கை நடுங்குபவர்கள் ஜாக்கெட்டை எடுக்கும்போதே படகோட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

என் கையெழுத்துக் குறிப்புகளைப் பார்த்து இதைத் தட்டச்சு செய்தவர் டீச்சர்தான். மேலே உள்ள பட்டியல் கிளம்பும் முன் மதுரையில் எழுதியது. அதில் ஒன்றை அடித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் சார். அப்படியே நினைக்கிற ஆளுங்க இன்னும் இருப்பாங்க," என்றார். அதனால் விட்டுவைத்திருக்கிறேன். மூன்றாவது குறிப்பு தவறு.