சேவியர் கடிகாரத்தைவிட ஒரு சாண்

ஈப்போ பழைய டவுனில் அந்தப் பழஞ்சாமான் கடைக்குள் நுழைந்ததுமே மர எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. வரவேற்பறைக்கு ஓர் ஆளுயரக் கடிகாரம் பார்க்க மனைவியோடு போனவன், மனசுக்குள் அரைக்கால் சட்டைப் பையனாகிக் கிராணி வீட்டுச் சன்னலில் போய் நின்றேன்.

பத்து காஜா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகன் சேவியர் என் வகுப்பு. அவர்கள் கூடத்தில் நின்ற கடிகாரத்துக்கு என்னைவிட உயரமும் அதிகம், மரியாதையும் அதிகம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் வந்து வரிசையில் நிற்க வேண்டுமே என்று கிராணி அதை எப்போதும் அரை மணி கூட்டியே வைத்திருப்பார். அது அடித்ததும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்க எழுந்துகொள்ளும். ஆக, நாட்டைவிட அரை மணி முன்னால் வாழ்ந்தோம். பிற்பாடு நான் எதிலும் முன்னால் இருந்ததாக நினைவில்லை.

ஞாயிறுதோறும் சாவி கொடுக்கும் உரிமை சேவியருக்கு. நான் சன்னலுக்கு வெளியே.

"தொடாத. பாரு, போதும்," என்பான்.

பார்த்தேன். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குப் போனபோதும் அதே கடிகாரம் கூடத்தில் நின்றது. கறி எடுக்கும் சாக்கில் அதன் பக்கத்தில் நின்று அளந்துவிட்டேன். என் தலைக்கு மேல் ஒரு சாண்.

எனவே கடையில் ஒவ்வொரு கடிகாரத்தின் மீதும் முதுகைச் சாய்த்து நின்றேன். சீனக் கடைக்காரர் மரத்தைப் பற்றி மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார்; நான் என் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"மணி பாக்க வாங்குறீங்களா, சேவியரண்ணன பாக்க வாங்குறீங்களா?" என்றாள் மனைவி.

கடைசிக் கடிகாரம் என் தலைக்கு மேல் இரண்டு சாண். வாங்கிவிட்டேன். வீட்டில் மின்விசிறிக்குப் பயந்து மூலையில் நிற்கிறது. அரை மணி கூட்டித்தான் வைத்தேன். கடிகாரம் என்றால் எனக்கு அப்படித்தான். அதை நம்பிப் போய், திறக்காத கிளினிக் வாசலில் நின்றுவிட்டு வந்தாள் மனைவி.

தீபாவளிக்கு சேவியர் வந்தான். முறுக்கைக் கடித்தபடி அண்ணாந்து பார்த்தான். அந்த அண்ணாந்த கழுத்துக்காகத்தானே இவ்வளவும். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்பா மாதிரியே கூட்டி வச்சிருக்கியே மச்சான். நான் எங்க வீட்டுக் கடிகாரத்த எப்பவோ சரியாக்கிட்டேன்லா. இப்ப அதுவும் இல்ல. மெல்பர்னுக்கு மககிட்டயே போறோம். வீட்ட வித்தாச்சு, வாங்குனவங்களுக்கே கடிகாரத்தையும் விட்டுட்டேன்."

ரொம்ப சந்தோஷம் என்றேன். மெல்பர்ன் எத்தனை சாண் இருக்கும் என்று மனம் அளக்க ஆரம்பித்திருந்தது.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். லயமும் இல்லை, தண்டவாளத் துண்டும் இல்லை. என் கடிகாரம் மட்டும் விடியுமுன் அரை மணி முந்தி அடிக்கிறது. ஞாயிறுதோறும் நானே சாவி கொடுக்கிறேன். கொடுக்கும்போது சன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே யாரும் நிற்பதில்லை.