பாக்கெட் அக்கா

பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்கு எதிரே, போட்டோக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் தையல் கடை என் அக்காவுடையது. யூனிபார்ம் மட்டும்தான் தைப்பாள். அங்கே படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு அவள் பாக்கெட் அக்கா. பள்ளிக்கூடம் கொடுத்த மாதிரியில் பையன்களின் கால்சட்டைக்கு மூன்று பாக்கெட், பெண்களின் ஸ்கர்ட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளைப் பிள்ளைக்குக் கை இல்லையா என்று கேட்டாள். யாரிடமும் அனுமதி வாங்காமல் எல்லா ஸ்கர்ட்டிலும் பக்கத்துக்கு ஒரு பாக்கெட் வைத்துவிட்டாள்.

அவளுடைய தையலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணி நைந்து போகும், தையல் போகாது. எங்கள் வீட்டில் தரை துடைக்கப் போன பழைய சட்டைகளில்கூட அவள் போட்ட விளிம்பு மட்டும் முறுக்காக நிற்கும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் பேசுவாள், கேட்பவர்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும். ரொம்ப முக்கியமான விஷயம் என்றால் மட்டும் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசுவாள்.

பழைய துணி திருத்த வந்தால் அதன் பாக்கெட்டில் என்ன இருந்தாலும், சாக்பீஸோ மிட்டாய்க் காகிதமோ விழுந்த பல்லோ, ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத் துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு கேள்வி கேட்க மாட்டாள். பெற்றவர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து பாக்கெட்டில் என்ன இருந்தது என்று கேட்டால், காற்று என்பாள்.

என் மகளுக்குப் பதினாலு வயது. அத்தை என்றால் உயிர். வீட்டில் என்னிடம் ‘ம்’, ‘ஊஹூம்’ தவிர வேறு வார்த்தை செலவழிக்காதவள், அங்கே போனால் வாய் மூடாமல் பேசுவாள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

இனி வருவதை அவர்கள் இரண்டு பேரும் பின்னால் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். ஒருநாள் மகள் அத்தையிடம் போய், ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் இன்னொரு பாக்கெட் வேண்டும் என்றிருக்கிறாள். வெளியே தெரியக்கூடாது, அப்பாவுக்கும் தெரியக்கூடாது. எவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு ஆள்காட்டி விரலைக் காட்டியிருக்கிறாள்.

அந்த அளவு அக்காவுக்குத் தெரியும். பேனா மாதிரி இருக்கும், பழ வாசனை அடிக்கும், அந்த இ-சிகரெட்டின் அளவு அது. போன வருஷம் மூன்று பிள்ளைகள் வந்து இதே அளவைக் காட்டினார்கள். மூவரையும் உண்டு இல்லை என்று ஆக்கி அனுப்பினாள் அக்கா. அவர்கள் வேறு கடையில் தைத்துக்கொண்டு, அப்புறம் இவள் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டதாகப் பின்னால் தெரிய வந்தது. அக்கா அதை நினைத்து நினைத்து மருகினாள்.

இந்த முறை அவள் திட்டவில்லை. தைத்துக் கொடுத்தாள்.

ஒரே வாரத்தில் அந்தப் பாக்கெட் பிரிந்துவிட்டது. நூல் சரியில்லை என்று சொல்லி அக்கா மறுபடி தைத்தாள். அடுத்த வாரமும் பிரிந்தது. சனிக்கிழமை வந்தால் மகள் பாக்கெட்டைக் காலி செய்து, ஸ்கர்ட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருவாள். சும்மா இருக்காதே என்று அக்கா அவளுக்கு வேலை வைத்தாள். பட்டன் தைக்கச் சொன்னாள், நூலோட்டம் போடக் கற்றுக் கொடுத்தாள். மெஷினில் தைக்கும்முன் துணி நகராமலிருக்கக் கையால் தளரப் போடும் தையல் அது, நுனியைப் பிடித்து இழுத்தால் உருவி வந்துவிடும். கை வேலையாக இருக்கையில் வாய் தானாகத் திறந்தது. புதுத் தோழிகள், அவர்கள் கூட்டத்தில் சேரப் பட்ட பாடு, பாடம் மனதில் நிற்காதது, எதற்கெடுத்தாலும் வரும் எரிச்சல் என்று அந்த ஒன்றைத் தவிர எல்லாம் வந்தது. பெண்ணுக்குத் தையலில் ஆசை வந்துவிட்டது என்று நான் வீட்டில் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா ஸ்கர்ட்டை உதறியபோது அந்தச் சாமான் மேஜைமேல் விழுந்தது. எப்போதும் எடுத்து வைத்துவிட்டு வருகிறவள் அன்று எடுக்காமலே கொண்டு வந்திருக்கிறாள். அக்கா வழக்கப்படி அதைத் துணிப்பையில் போட்டு நீட்டினாள். மகள் வாங்கவில்லை.

“நீ கேக்கவே மாட்டியா அத்தை?”

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “கேளுன்னு சொல்லு, கேக்கறேன்.”

“விட்டுடணும்னு பாக்கறேன். முடியல. ரெண்டு நாள்கூடத் தாங்கல. எனக்கு பயமா இருக்கு அத்தை.”

அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டதற்கு, மகள் அழுதபடியே சரியென்று தலையாட்டினாள்.

நான் எலக்ட்ரீசியன். ஒரு வீட்டில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தவன், அக்காவின் போன் வந்ததும் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் ரத்தம் தலைக்கேறியது. மகளைவிட அக்காமேல்தான் அதிகம் பாய்ந்தேன். தெரிந்தேவா தைத்துக் கொடுத்தாய், நீயெல்லாம் ஒரு அத்தையா என்று கத்தியதில் போட்டோக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா அசையவில்லை.

“கத்தணும்னா வெளிய நின்னு கத்தி முடிச்சுட்டு வா. அடுத்த தடவ இவ உன்கிட்ட எதையாவது சொல்லுவாளா மாட்டாளாங்கறது நீ இப்ப கேக்கற விதத்துலதான் இருக்கு.”

வெளியே போய் நின்றேன். கத்தல் வரவில்லை, அழுகைதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன். ‘ஊஹூம்’ என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டரிடம் போனோம், அவர் அனுப்பிய ஆலோசகரிடமும் போனோம். சுலபமாக ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை சறுக்கி மறுபடி அதைத் தொட்டாள், இரண்டு தடவையும் தானே வந்து சொன்னாள். முதல் தடவை அத்தையிடம், இரண்டாவது தடவை என்னிடம். பெண் தப்புச் செய்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்பாள் என் மனைவி. அந்த வாரங்களில் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நானும் இப்போதுகூட நடுராத்திரியில் எழுந்து உட்காருவேன். அக்காவிடம் இதைக் கேட்டால், அந்த வாரங்களில் நான் மட்டும் தூங்கினேனா என்பாள்.

வருஷம் முடிவதற்குள் அந்த ஸ்கர்ட் குட்டையாகிவிட்டது. விளிம்பை இறக்க நாங்கள் இருவரும் கொண்டுபோனோம். இடுப்புப் பாக்கெட் எதுவும் வைக்கப்படாமல், பிரியாமலே கிடந்தது. இனி இது வேண்டாம் என்றாள் மகள். அப்படியென்றால் நீயே பிரி என்றாள் அக்கா. மகள் கத்தரியைத் தேடிக்கொண்டே நூல் நுனியைப் பிடித்து இழுத்தாள். மொத்தமும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்த நூலையே பார்த்தாள்.

“அத்தை, இது நூலோட்டம்தானே? முதல்லேர்ந்தே இதைத்தான் போட்டியா?”

அக்கா ஊசிகளோடு ‘ம்’ என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, ஊசிகளை எடுத்து வைத்தாள்.

“கெட்டியாத் தச்சுக் குடுத்திருந்தா நீ எதுக்குடி திரும்பி வரப்போறே?”

மகள் அந்த நூலைச் சுருட்டித் தன் பக்கப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.