வாயண்ணன் மொழிபெயர்த்த தம்பி

வாயண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. காலையில் ரொட்டித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவார். மதியத்துக்கு மேல் குடியேற்ற அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். மற்ற நேரமெல்லாம் ஊருக்கே வாய் அவர்தான். டாக்டரிடம் அடுத்தவர் வயிற்றுவலியை விவரிப்பது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டுவதைப் பாதியாகக் குறைத்துப் பெற்றோருக்குச் சொல்வது, எல்லாம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, தலை கொள்ளாத பெருமை.

அடைக்கலம் கேட்டு வந்து டயர்க்கடையில் வேலை பார்த்தவரின் குடும்பத்தைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும், முதலில் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவரும் அவரே. கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண். வெள்ளிக்கிழமை விமானம். கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைதான் போராட்ட அலுவலகம். இயந்திரங்கள் கடகடவென்று ஆட, அவற்றின் மேலேயே அட்டையை வைத்து எழுதியதால் எழுத்தெல்லாம் குளிரில் நடுங்குவதுபோல் இருந்தது. டயர்க்கடை முதலாளி, பெண்ணின் டீச்சர், பேருந்து ஓட்டுநர்கள் என்று இரண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வக்கீலம்மா வந்தார். அந்த நாட்டுக்காரர், தமிழ் தெரியாது. முழுத் தீர்ப்பு அன்றுதான் கையில் கிடைத்தது என்று சொல்லி, குடும்பத்துக்கு வாசித்துக் காட்டும்படி வாயண்ணனிடம் நீட்டினார். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'கொல்லப்பட்டவர் தன் உடன்பிறந்த சகோதரர் என்று மனுதாரர் முதல் விசாரணையில் கூறினார். அடுத்த விசாரணையில் சித்தப்பா மகன் என்கிறார். இவர் சொல்லும் எதையும் நம்புவதற்கில்லை.'

வாயண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் விசாரணைக்கு மொழிபெயர்த்தது அவர்தான். "என் கண்ணு முன்னாலயே என் தம்பியைக் கொன்னுட்டாங்க" என்று டயர்க்காரர் அன்று குலுங்கி அழுதார். சித்தப்பா மகனும் நமக்குத் தம்பிதானே, வேறு எப்படிச் சொல்வது? அந்த நாட்டு மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். வாயண்ணன் எடுத்துப் போட்டது கூடப்பிறந்தவனுக்கான சொல்லை. 'கூடப்பிறந்த தம்பியா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆனால் அன்றைக்கு அவர் மொழிபெயர்க்க உட்கார்ந்த மூன்றாவது ஆள் இவர், வயிற்றில் பசி. அந்த மனுஷன் அழுகையை எப்போது நிறுத்துவார் என்று வாயண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... பொதுவா நம்புற மாதிரி இல்லைன்னு எழுதியிருக்காங்க" என்று பூசி மெழுகிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினார்.

டயர்க்காரர் தலையைத் தொங்கப்போட்டார். "நான்தான் எங்கயோ உளறிட்டேன் போல. இத்தனை பேரு உழைப்பையும் வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே."

வாயண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்ததாம். பிடுங்கிக்கொண்டாரா? "பரவாயில்லப்பா, விடு" என்றார். மன்னித்துவிட்டார், மகராசன்!

மறுநாள் போராட்ட அறைக்குப் போனபோது டயர்க்காரரின் மனைவி துவைத்து மடித்த கம்பளி ஒன்றை அவர் கையில் வைத்தார். "எங்களுக்கு இனிமே எதுக்குண்ணே? நீங்க வச்சுக்குங்க. கூடப்பிறந்த அண்ணன்கூட இவ்வளவு செய்யமாட்டான்."

கூடப்பிறந்த. அன்று கேட்காமல் விட்ட அதே வார்த்தை. கம்பளி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வாயண்ணன் உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனார். கம்பளியோடேயே நேராக வக்கீலம்மாவிடம் போய், அவர் மொழியில் எல்லாவற்றையும் கொட்டினார்.

வக்கீலம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன் வைத்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா, அலுவலக வேலை போய்விடுமே என்று கேட்டார். போடுகிறேன் என்றார் வாயண்ணன். "நல்லது. இப்போது நீங்கள் சொன்னதை அவர்களுக்கும் சொல்லுங்கள்."

வேறு மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது? துவைக்கும் அறைக்குத் திரும்பி, தன் தப்பைத் தானே தமிழில் சொல்லவேண்டியதாயிற்று. "நேத்து நான் ஒரு வரியைப் படிக்காம விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தார்.  இயந்திரங்களின் கடகடப்புக்கு மேல் குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மனைவி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை விமானம் அவர்கள் இல்லாமல் போனது. வழக்கை மறுபடி விசாரிப்பதாக உத்தரவு. குடியிருப்பே கீழே கைதட்டிக்கொண்டிருக்க, வாயண்ணன் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் டயர்க்காரர் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

வாயண்ணன் கம்பளியை எடுத்து நீட்டினார். "இது உங்களுது. இனி தேவைப்படும்."

"இருக்கட்டும், நீங்களே வச்சுக்குங்க" என்றார் டயர்க்காரர் மரியாதையாக. "கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி, சார்."