பதினோரு சொட்டு

சொட்டக்கா என்ற பெயர் அவளுக்குத் தொழிலால் ஒட்டிக்கொண்டது. பெரிய கட்டடங்களைச் சூடாக்க, குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரில், துருப் பிடிக்காமல் காக்கும் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரோஜா நிறம் கலையாமல் நிற்கும்வரை எண்ணுவாள். சொட்டு குறைந்தால் மருந்து குறைவு; முப்பதுக்குக் கீழே போகக் கூடாது. கடவுளை நினைக்காமல் முதல் சொட்டு விட்டதில்லை, பதினாறு வருடமாக.

இப்போது அவள் சோதித்துவரும் ஆஸ்பத்திரியின் பாய்லர் அறைக்குப் பொறுப்பாளன் அவள் கொழுந்தன். முன்பு அவன் பார்த்துக்கொண்ட வேறொரு கட்டடத்தில், ‘தண்ணீர் துருவேறிக் கறுத்திருக்கிறது’ என்று அவள் எழுதிக் கொடுத்ததில் மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் சாவுக்கு மட்டும் வந்தான்; அப்போதும் அண்ணி முகத்தைப் பார்க்காமலே போனான்.

இப்போது அவன் சோதித்தால் நாற்பது சொட்டு, அவள் சோதித்தால் பதினொன்று. ‘அந்தம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆளை மாற்றுங்கள்’ என்று அவள் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டான். இன்று கம்பெனி இன்ஜினீயர் வந்து நிற்கிறார். அவள் எண்ணியது தப்பென்றால் நாளைக்கு வேலை கிடையாது.

“வாங்க அண்ணி. கண்ணாடி கொண்டாந்தீங்களா, இல்ல நானே எண்ணிச் சொல்லணுமா?”

“வேணாம் தம்பி. உனக்கு நாற்பதைத் தவிர வேற நம்பரே தெரியாது.”

இன்ஜினீயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஆளுக்கொரு குப்பி பிடிங்க” என்றார்.

பெரிய குழாயோடு இரண்டு வால்வு வழியே இணைந்த, மருந்து ஊற்றும் இரும்புக் குடுவையின் அடியில் இருந்த குழாயைத் திறந்து அவன் பிடித்தான். நாற்பது. அவள் பெரிய குழாயில், தேங்கிய தண்ணீரை அரை வாளி வெளியே விட்டுவிட்டுப் பிடித்தாள்.

“பாருங்க சார், தண்ணிய எப்படி நாசம் பண்றாங்க!”

இன்ஜினீயரும் கூடவே எண்ணினார். பதினொன்று.

“கண்ணு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஒரே தண்ணிக்கு எப்படி ரெண்டு கணக்கு?”

“ஒரே தண்ணி இல்ல சார். அந்தக் குடுவையத் தொட்டுப் பாருங்க.”

இன்ஜினீயர் தொட்டார். பக்கத்துக் குழாய் கை வைக்க முடியாத சூடு. குடுவையோ ஜில்லென்று இருந்தது.

“சுத்துற தண்ணி உள்ள போயிருந்தா சுட்டிருக்கும். மருந்த ஊத்திட்டு ரெண்டு வால்வையும் திறக்கவே இல்ல. ஊத்துன மருந்து ஊத்துன இடத்துலயே குந்திக்கிட்டிருக்கு. இவர் அதையே பிடிச்சுப் பாக்குறாரு.”

அவன் முகம் சுண்டிப்போனது. “எழுதுங்க அண்ணி. நாலு எழுத்து படிச்சதே என்னைப் போட்டுக் கொடுக்கத்தானே?”

அவள் எழுதினாள்: ‘குடுவை வால்வு மூடியிருந்தது.’ அவ்வளவுதான்.

அவன் எட்டிப் பார்த்தான். “எங்க என் பேரு? பிச்சை போடுறீங்களா?”

“கம்பெனி கேட்டது தண்ணியப் பத்தி. உன்னப் பத்தி கேக்கல.”

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் இரண்டு வால்வையும் திறந்தான். குடுவைக்குள் தண்ணீர் இரைந்தது.

அடுத்த வாரம் அவள் வந்தபோது ‘வா’ என்று சொல்ல ஆளில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நின்றான். குப்பி வைக்கிற ஸ்டூலையும் காணோம். தேடவில்லை, கேட்கவும் இல்லை. ஈரத் தரையில் குந்தினாள், கண்ணை மூடித் திறந்தாள், எண்ணத் தொடங்கினாள். முப்பத்து நாலாவது சொட்டில் ரோஜா நிறம் நின்றது.

“முப்பத்து நாலு” என்று அந்த முதுகுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.