படையலுக்கு முன் எனக்கு வந்த கூழ்

செம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் ஒரு பூவரச மரத்தடியில் நான் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தியாயிற்று. சைக்கிளில் எண்பது கிலோமீட்டர் மிதித்தாயிற்று. இருபது கிலோமீட்டர் ஓட்டத்தில் பதின்மூன்று முடிந்து, இன்னும் ஏழு பாக்கி. இரண்டு மணிக்குள் தாம்பரத்தில் மைதானத்துக்குள் போய் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். ஆனால் என் கால்கள் என்னுடையவையாகவே இல்லை. கண்ணுக்கு முன்னால் ரோடு ஆடியது. அழுகை வந்தது. அழக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

விசுவாசிகளாகிய உங்களுக்கு இதை நான் உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். என்னை அங்கே உட்கார வைத்தது பிசாசு அல்ல. என் வாய்தான்.

மெட்ராஸ் இன்னும் மெட்ராஸாகவே இருந்த காலம் அது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிக பி.டி. டீச்சராக இருந்தேன். அந்த வருடம் வைகாசியில் அந்த வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கரெஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். "எஸ்தர் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய பசங்களை கிரவுண்டுல ஓட வைக்கணும். அதுக்கு ஜென்ட்ஸ் யாராவது இருந்தா நல்லா இருக்கும்னு கமிட்டி நினைக்குது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் யோசிக்கிற பழக்கம் கிடையாது. அவர் மேஜைமேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ஒரு விளையாட்டுச் சங்கம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துகிற நெடுந்தூரப் போட்டி. கோவளம் கடலில் நீச்சல், அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகச் செங்கல்பட்டு போய்த் தாம்பரம் திரும்பச் சைக்கிள், அப்புறம் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போய்வர ஓட்டம். எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "சார், இதை நான் நேரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுறேன். முடிக்கலேன்னா திங்கட்கிழமை காலைல நானே ராஜினாமா லெட்டர் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் நோட்டீஸைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். "முடிச்சீங்கன்னா திங்கட்கிழமை ஆர்டர்ல கையெழுத்து போடறேன்" என்றார். ஸ்டாஃப் ரூமுக்கு நான் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

நீச்சல் எனக்குப் பயமில்லை. நான் ராயபுரத்துப் பெண், கடலில் குளித்து வளர்ந்தவள். சைக்கிளும் ஓட்டமும் இரண்டு மாதம் விடியற்காலையில் பழகினேன். என் கணவர் ரயில்வேயில் வேலை. அவர்தான் ஸ்டாப் வாட்ச் பிடிப்பார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போதுதான் எங்கள் சபையில் எனக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள்.

மூப்பர் தங்கராஜ் ஐயாதான் ஏற்பாடு செய்தார். அவருக்கு என் மேல் அவ்வளவு அன்பு. வியாழன், வெள்ளி, சனி. எனக்காக இருபது பேர் சாப்பிடாமல் ஜெபிக்கும்போது நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட முடியுமா? நானும் இருந்தேன். பகலெல்லாம் தண்ணீர், இரவில் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர். பந்தயத்துக்கு முந்தின நாள் வயிறு நிறையச் சோறு சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவளே நான்தான். என் கணவர் மெதுவாகத்தான் சொன்னார்: "நீ மட்டும் சாப்பிடு எஸ்தர். ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்." நான் அவருக்கு விசுவாசம் குறைவு என்று முடிவு கட்டிவிட்டேன். இப்போது யோசித்தால், விசுவாசம் என்று நான் நினைத்ததில் பாதிக்குமேல் வீம்பு.

ஞாயிறு காலை ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும். நீச்சல் முடிந்ததும் சாப்பிட ஆறு வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் ஒரு துணிப் பையில் போட்டு, சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிவிட்டுக் கடலில் இறங்கினேன். நன்றாக நீந்தினேன். நாங்கள் நாலு பெண்கள், அதில் நான்தான் முதலில் கரையேறினேன். டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் சொட்டச் சொட்டச் சைக்கிளிடம் ஓடினால், அங்கே ஒரு பசு நின்றுகொண்டிருந்தது. பையின் காது மட்டும் ஹேண்டிலில் தொங்கியது. மீதி அதன் வாயில் இருந்தது.

சிரித்தேன். உண்மையாகவே சிரித்துக்கொண்டுதான் சைக்கிளில் ஏறினேன். மூன்று நாள் உபவாசம் இருந்தவளை ஒரு பசு மாடு தடுத்துவிடுமா? கையில் காசு இல்லை. கணவருக்கு டூட்டி, மைதானத்துக்கு ஒன்றரை மணிக்குத்தான் வருவார். வழியில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். தாம்பரத்தில் சைக்கிளை விட்டபோது தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும் கொடுத்த தம்பிகளிடம், "ஒரு பன் வாங்கித் தாப்பா" என்றால் வாங்கித் தந்திருப்பார்கள். கேட்கவில்லை.

ஓட்டம் ஆரம்பித்தபோது மணி பதினொன்று. ஆடி வெயில். செம்பாக்கம் தாண்டும்போது ஒரு பந்தல். வேப்பிலை கட்டி, அம்மன் படம் வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தள்ளிக் கோயில். அன்றைக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிறு. ஒரு வாலிபர் டம்ளரோடு கூடவே ஓடிவந்தார். "அக்கா, மோர் குடிச்சிட்டுப் போங்க!"

எனக்கு உள்ளே கேட்டது ஒரே கேள்வி. இது படைத்ததா? எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பு. பக்கத்து வீட்டில் இருந்து பொங்கல் வந்தால்கூட அம்மா கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். நான் கேட்கக்கூட இல்லை. "வேணாம்பா" என்று கையை ஆட்டிவிட்டு ஓடினேன். மனதில் ஒரு பெருமை வேறு.

மேடவாக்கத்தில் திரும்பினேன். பத்தாவது கிலோமீட்டரில் வியர்வை நின்றது. பன்னிரண்டில் என் பெயர் மறந்ததுபோல் ஆனது. பதின்மூன்றில் அந்தப் பூவரச மரம். உட்கார்ந்தேன்.

"ஆண்டவரே, முடியலை" என்றேன். அதற்கு முன் மூன்று நாள் என்னென்னவோ வார்த்தையெல்லாம் சொல்லி ஜெபித்தவளுக்கு அப்போது வந்தது இவ்வளவுதான். "திங்கட்கிழமை லெட்டர் குடுக்கறேன். என் பேச்சுக்கு நான்தான் பொறுப்பு. ஆனா இப்ப எனக்கு ஒரு வாய் ஆகாரம் குடுங்க."

கண்ணைத் திறந்தபோது எதிரில் ஒரு பெண் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் புடவை, ஈரத் தலை, இடுப்பில் மஞ்சள் பூசி வேப்பிலை சுற்றிய பானை. பானையின் வாய் துணியால் கட்டியிருந்தது. கூட இன்னும் ஏழெட்டுப் பெண்கள், அவர்களிடமும் பானைகள். கோயிலுக்குப் போகிற வழியில் நின்றிருக்கிறார்கள்.

"இன்னாமே ஆச்சு? மூஞ்சி வெளுத்துகினு கீது" என்றார்.

"பசிக்குது அக்கா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

அவர் குனிந்து பார்த்தார். என் கழுத்துச் சங்கிலியில் சிலுவை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "வேதக்காரப் பொண்ணா? அதான் பந்தல்ல எங்க புள்ள மோர் குடுத்தப்ப கைய ஆட்டிகினு ஓடினியா?" என்று கேட்டார். கோபமில்லை. சிரித்தார். "படைச்சத துன்ன மாட்டீங்க, இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. அவர் பானையை இறக்கித் தரையில் வைத்தார்.

"இது இன்னும் படைக்கல. கரகம் இப்பதான் கெளம்பி வந்துகினு கீது. குடி."

பின்னால் இருந்த பெண் பதறிவிட்டார். "இன்னாக்கா நீ? ஆத்தாவுக்கு வைக்காம யாராச்சும் பானைய தொறப்பாங்களா? காலைலேந்து பச்சத்தண்ணி குடிக்காம காச்சினது!"

"ஆத்தா கண்ணுல இந்தப் பொண்ணு தெரியாமலா கீது? நான் ஆத்தாகிட்ட சொல்லிக்கிறேன், நீ போ" என்று சொல்லி அவர் துணியை அவிழ்த்தார். சொம்பை உள்ளே விட்டு மொண்டார்.

கேழ்வரகுக் கூழ். உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்தது. முதல் வாயில் தொண்டை எரிந்தது. இரண்டாவது சொம்பில் காது கேட்க ஆரம்பித்தது. மூன்றாவதையும் குடித்தேன். அவர் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "எந்தூருக்கு இப்பிடி ஓடற?" என்று கேட்டார். "தாம்பரம்" என்றேன். "பஸ் வருதே" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்று ஐந்துக்கு எழுந்தேன். நின்றேன். நடந்தேன். அப்புறம் ஓடினேன். ஐம்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். மற்றப் பெண்கள் கோயில் தெருவுக்குள் திரும்பினார்கள். அவர் மட்டும் பானையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், கேம்ப் ரோடு. ஒவ்வொரு பெயர்ப் பலகையும் எனக்கு ஸ்தோத்திரமாக இருந்தது. ஒன்று ஐம்பத்தாறுக்குக் கோட்டைத் தொட்டேன். நான்கு நிமிடம் மிச்சம். என் கணவர் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். கரெஸ்பாண்டன்ட் வாக்குத் தவறவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆர்டர் என் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நானும் கணவரும் செம்பாக்கம் போய் விசாரித்துக் கண்டுபிடித்தோம். கோயிலுக்குப் பின்தெரு. பெயர் கண்ணம்மா. அன்றைக்கு ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டேன்.

"மொண்டு குடிச்ச பானைய எப்டி படைக்கிறது? வூட்டுக்கு எடுத்தாந்து நாங்களே குடிச்சிட்டோம்."

"எதுக்காக நேர்ந்துகிட்டீங்க அக்கா?"

உள்ளே பாயில் படுத்திருந்த பெண்ணைக் காட்டினார். மகள் செல்வி. இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இது மூன்றாவது, ஐந்து மாதம். அந்தக் கருவுக்காகக் காய்ச்சிய கூழை என் வாயில் ஊற்றியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டினார். "அத்த வுடு. வர ஞாயித்துக்கெழம திரும்ப காச்சிக்கிறேன். ஆடி இன்னா ஓடியா பூடும்?"

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். பசு மாட்டைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கூழைச் சொன்னபோது அமைதியாகிவிட்டது. மூப்பர் தங்கராஜ் ஐயா எழுந்தார். "டீச்சர், மனசுல பட்டதைக் கேக்கறேன். அது அவங்க சாமிக்குப் படைச்சதா?"

"இல்லை ஐயா. எனக்காக அவங்க படைக்காம விட்டது" என்றேன். செல்வியைப் பற்றியும் சொன்னேன். "எனக்காக மூணு நாள் சாப்பிடாம ஜெபிச்சீங்க. அந்த ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் குடுத்தது அந்தப் பானையில இருந்துதான். இப்ப அந்தப் பொண்ணுக்காக ஜெபிக்கணும்."

ஐயா கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார். அப்புறம் செருப்பில்லாத காலோடு முன்னால் வந்து முழங்காலில் நின்றார். அவருக்கு மூட்டு வலி, ஒரு வருடமாக யாரும் அவரை முழங்காலில் பார்த்ததில்லை. "ஆண்டவரே, செம்பாக்கம் செல்வி" என்று பெயர் சொல்லி ஆரம்பித்தார். சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. அதே நேரத்தில் அங்கே கண்ணம்மா அக்கா இரண்டாவது பானையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

கார்த்திகை மழையில் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போய்க் கண் கலங்கி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். கண்ணம்மா அக்கா, "எந்த சாமி குடுத்துச்சுன்னு அப்பறம் பாத்துக்கலாம் டீச்சரு, மொதல்ல புள்ளைய புடி" என்று என் கையில் போட்டுவிட்டார். யார் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன். பசித்தால் பசிக்கிறது என்று சொல்கிறேன். முடியாவிட்டால் முடியவில்லை என்கிறேன், மனிதரிடமும் ஆண்டவரிடமும். இதைப் படிக்கிற உங்களில் யாராவது எழ முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தால், பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், இருக்கிற தெம்பில் அவரைக் கூப்பிடுங்கள். அவர் நிச்சயம் யாரையாவது அனுப்புவார். அவர்கள் வந்து நிற்கும்போது அவர்களுக்கு என்ன குறை என்று நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்காமல் ஓடிவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் போய்க் கேட்டேன்.