ராஜமுந்திரிக்கு ஒரு மணி இருபது நிமிடம்

காலியான அலுமினிய அன்னக்கூடையை ஈரத்துணியால் துடைத்து, வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்துவிட்டு, மடியிலிருந்து செல்போனை எடுக்கிறாள் பவுனம்மாள். ராயபுரம் கல்மண்டபத்தில் மீன் வாங்குகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பக்கத்துக் கடைக்காரிகள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். இவள் மட்டும் ஈரத்தரையில் குத்துக்காலிட்டு, திரையில் வரைபடத்தின் மேல் நகரும் மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தோ பாரு நைனா, திருப்பதிய வுட்டு கெளம்பிடுச்சு. ராஜமுந்திரிக்கு நானூத்தம்பது கிலோமீட்டரு. ஒரு மணி இருவது நிமிசம்."

சங்கரா மீன் என்ன விலை என்று கேட்ட எனக்கு இதுதான் பதில். பஸ்ஸில் போனால் பன்னிரண்டு மணி நேரமாகும் என்று வம்புக்குச் சொன்னால், "எம் பொண்ணு இன்னா ரோட்லயா போவுது?" என்று மடக்கிவிடுவாள். திருப்பதிக்குப் போய் இரண்டு முறை மொட்டை போட்டவள். அங்கே விமான நிலையம் இருப்பதே மகள் சொல்லித்தான் தெரியும்.

மகள் பவானி விமானப் பணிப்பெண். "இப்ப இந்த லைன்லதான் போட்டுக்கிறாங்க" என்று கடைசியாகப் பேசியபோது சொன்னாள். அந்தப் பேச்சு சண்டையில் முடிந்து எட்டு மாதமாகிறது.

படகு கடலில் இருக்கும்வரை வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்க்கக் கூடாது என்பது பவுனம்மாள் குடும்பத்தின் பழக்கம். கவிழ்த்தால் படகும் கவிழுமாம். கணவன் ஜெகதீசன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளைப் பற்றி ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அசதில கூடைய கவுத்துட்டு படுத்துட்டேன் நைனா. நாந்தான்."

இதை மகளிடமும் சொல்லி, வேலையை விட்டுவிடச் சொல்லி அழுதிருக்கிறாள். "ஒன் கூடையா எங்கப்பாவ கொன்னுச்சு? இனிமே எனக்கு போன் பண்ணாத" என்று பவானி வைத்துவிட்டாள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அப்பாவைக் கொன்றது நான்தான் என்று பெற்றவளே சொன்னால் யாரால் கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

மகளுக்கு எந்த நாள் வேலை, எந்த நாள் விடுப்பு என்று தெரியாததால் பவுனம்மாள் தினமும், போகும்போதும் வரும்போதும் காவல் இருந்தாள். விமானம் தரையைத் தொட்டதும் "எறங்கிட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடையைக் கவிழ்ப்பாள். அதற்குப் பிறகுதான் ஒரு டீ.

போன வாரம் இரண்டு நாளாக விமானம் திரைக்கு வரவேயில்லை. "இன்னான்னு பாரு நைனா" என்று போனை என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். அந்தத் தடத்தில் விமானம் விடுவதையே நிறுத்திவிட்டார்களாம். மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப எம் பொண்ணு?"

"வேற லைன்ல போட்டிருப்பாங்கம்மா."

"எந்த லைன்ல?"

எனக்கு எப்படித் தெரியும்? நீயே ஒரு போன் போட்டுக் கேளேன் என்றேன்.

"பண்ணாதன்னு சொல்லிகிறாளே" என்றாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரிகள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். பவுனம்மாள் நகரவில்லை. நிமிர்ந்திருந்த அன்னக்கூடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அவள் அதைச் சாய்க்காமல், இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள்.