மலைக்குப் போன வெள்ளைக் கைக்குட்டை

கிருத்திகையன்று காலை ஆறு மணிக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து கிளம்பினோம். என் மனைவி மல்லிகாவுக்கு மூச்சிளைப்பு. திருத்தணி மலையில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டு மூன்று வருடமாகிறது. படியேற முடியாது, பஸ் புகையிலும் உட்கார முடியாது. அதனால் என் அக்கா வீட்டுக்காரர், பாவா, தன் பழைய டீசல் காரில் கூட்டிப்போனார்.

டீசலில் பயோடீசல் கலந்திருந்தார். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில் செய்வதாம். நாலு பங்குக்கு ஒரு பங்கு. கிளம்பும் முன் புகைக்குழாய்க்கு நேரே வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டினார்.

"பாத்தியாம்மா? முன்னாடின்னா கரியாப் பூடும்."

"ஆங், வெள்ளையாத்தாண்ணா கீது."

கே.ஜி.கண்டிகையில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். அதுவரை அவள் ஒருமுறைகூட இருமவில்லை. கண்ணாடியை இறக்கி வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏழரைக்கு மலைப்பாதையில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னாலும் பின்னாலும் கார்கள், ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை. கண் எரிந்தது. மல்லிகா முந்தானையால் மூக்கை மூடினாள். அவள் மூச்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது.

"எல்லாரும் கலந்தா சரியாப் பூடும்" என்றார் பாவா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "முழுசா இல்ல. எண்ண குடுத்தவன் சொன்னான். கரி கொறையுமாம். கண்ண எரிக்கிற வாயு ஒண்ணு கீதாம், அது கொறையாது. கொஞ்சம் ஏறுனாலும் ஏறுமாம்."

"அத்த ஏன் பாவா மொதல்லியே சொல்லல?"

"சொன்னா தங்கச்சி வண்டில ஏறுமா?"

வண்டியைத் திருப்ப இடமில்லை. நானும் மல்லிகாவும் இறங்கி, நின்ற கார்களுக்கு நடுவே கீழே நடந்தோம். அடிவாரத்துக் குளக்கரையிலேயே முடியிறக்கினாள். மலையைப் பார்த்துச் சாமியைக் கும்பிட்டாள்.

"நாந்தான் மேல போவல. அவரு ஒரு தபா கீழ எறங்கி வரட்டும்."

பாவா மட்டும் தரிசனம் முடித்து, விபூதியோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். கைக்குட்டை அவர் முன்னால் கிடந்தது, இன்னும் வெள்ளையாக.

மதியம் வீடு வந்தோம். உள்ளே எங்கள் விசைத்தறி இரண்டு. சுவர், சாமி படம், அவள் படுக்கிற பாய், எல்லாவற்றின்மேலும் பஞ்சுத் தூசி. அந்தக் கைக்குட்டையைவிட வெள்ளை. மல்லிகா மொட்டைத்தலையைத் துண்டால் மூடி, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஓட்டுய்யா. நாளைக்கு லுங்கி குடுக்கணுமே" என்றாள்.

தறியை ஓட்டினேன்.